நடிப்புக்காரி

அத்தியாயம் 11

எதிரியின் வாசலைப் பார்த்தபடி கடை திறப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்காகவே நீலம் தினமும் ஷட்டரை வேண்டிய அளவைவிடச் சத்தமாகத் தூக்குவாள்.

தெருவுக்கு இந்தப் பக்கம் அவளுடைய புதுச் சலவைக்கடை. அந்தப் பக்கம் பழைய சலவைக்கடை. பழைய கடைக்குத்தான் அவள் மருமகளாக வந்தாள். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு விரல்நுனி நிறம் மாறி, வாடிக்கைக்காரர்கள் வாயில் அவள் பெயரே நீலம் என்றாகிவிட்டதும் அங்கேதான். ஒரு நாள் ஒரே ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, 'மூளை பிசகினவள்' என்ற பட்டத்தையும் கட்டி, அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்ததும் அங்கிருந்துதான்.

பட்டம் கட்டியவள் நாத்தனார். புருஷனோடு ஒத்துப்போகாமல் தம்பி வீட்டுக்கே வந்து, கல்லாவில் உட்கார்ந்து, கடைக்கும் வீட்டுக்கும் எஜமானி ஆனவள். நீலத்தின் கணவர், ஸ்டீம் பிரஸ் மாஸ்டர், அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத மனிதர். தெருவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். அவர்மேல் நீலத்துக்குக் கோபம் கிடையாது. பசுமாட்டின்மேல் யாராவது கோபப்படுவார்களா?

நீலத்துக்கு வந்த நோயின் கதை இதுதான். முதலில் சிறுநீர்க்கல். பிறகு எலும்பு வலி, ஒரு தடவை எலும்பு முறிவு, ஓயாத தாகம், வயிற்றுக் கோளாறு, காரணமில்லாத அழுகை, மறதி. ஒருத்தர் கோட்டை இன்னொருத்தர் பையில் போட்டுக் கொடுத்தாள். சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு, எதற்காக இங்கே நிற்கிறோம் என்று யோசித்துக்கொண்டு நின்றாள். "உடம்புக்கு முடியல அண்ணி" என்றால், "நடிக்கிறா" என்பாள் நாத்தனார். "வேலைக்கள்ளி. எல்லாம் நடிப்பு." வருஷம் போகப் போக நடிப்பு பைத்தியம் ஆயிற்று. சின்ன மகளைக் கூப்பிட்டு, "உங்கம்மா பக்கத்துல தனியா படுக்காதே, என்ன செய்வாளோ தெரியாது" என்று சொல்லிவைத்தாள்.

மற்றதெல்லாம் போகட்டும். அந்த ஒரு வார்த்தையை நீலத்தால் ஜீரணிக்க முடியவில்லை.

அண்ணன் ஊரில் மறுபடி கல் வந்தபோதுதான் ஒரு பெண் டாக்டர் அவள் ரத்தத்தில் கால்சியத்தை அளந்து பார்த்தார். அளவு எக்கச்சக்கம். "கழுத்துல, தைராய்டுக்குப் பின்னால, அரிசி அளவுல நாலு சுரப்பி இருக்கும்மா" என்று விளக்கினார். "ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா எலும்புலேந்து எடுத்துக் குடுக்கறது, போதும்னா நிறுத்திக்கறது, இதுதான் அதுங்க வேலை. உங்களுக்கு ஒண்ணு பெருத்துப்போய், மேல்தொட்டி நெறஞ்சு வழிஞ்சாலும் மோட்டாரை நிறுத்தாம ஓட்டிட்டு இருக்கு. தண்ணி வர்றது உங்க எலும்புலேந்து. கல், வலி, அழுகை, மறதி எல்லாம் இதோட வேலைதான்."

வெட்டி எடுத்தார்கள். புளியங்கொட்டை அளவு. சில மாதங்களில், அழுக்குக் கண்ணாடியைத் துடைத்த மாதிரி தலை தெளிந்தது. தெளிந்த தலையில் முதலில் வந்து உட்கார்ந்தது பழி.

அண்ணனின் உதவியோடு ஊருக்குத் திரும்பி, நேர் எதிரே கடை போட்டாள். ஒவ்வொரு வாடிக்கையாகத் தெருவைத் தாண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் எதிர்க்கடைக் கல்லாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

போன வாரம் நடந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நாத்தனார் தெருவைத் தாண்டி வந்திருந்தாள். கழுத்தில் கட்டி, தைராய்டு முழுவதையும் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பாதி அதட்டலும் பாதிப் பயமுமாக, "உனக்கும் கழுத்துலதானே கிழிச்சாங்க? ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டாள்.

ஜென்மத்தில் முதல் தடவையாக அவள் நீலத்திடம் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். நீலம் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு சொன்னாள்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. அப்புறமா கால்சியம் மாத்திரை குடுப்பாங்க, அதைத்தான் பாத்துக்கணும். கால்சியம் ஏறினா மனுஷி என்ன ஆவான்னு உங்களுக்குச் சொல்லவா வேணும்? பக்கத்துலயே இருந்து பாத்தவங்களாச்சே!"

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. நீலத்தின் மனம் நிறைந்தது.

அது பொய் என்று நீலத்துக்குத் தெரியும். அவளுக்கே ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மாத்திரையைத்தான் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தார்கள்.

---

இன்றைக்கு முக்கியமான நாள். தெருக்கோடிப் பெரிய ஓட்டலின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாம் காலங்காலமாகப் பழைய கடைக்குத்தான் போகும். அந்தக் கடையின் உயிர்நாடியே அதுதான். இனி எந்தக் கடைக்கு என்று முடிவு சொல்ல ஓட்டலின் மேற்பார்வைக்காரம்மா இன்று காலையில் வருகிறாள். நீலம் மாதிரிக்குச் சலவை செய்து அனுப்பிய விரிப்புகள் அவளுக்குப் பிடித்திருந்ததாகக் கேள்வி.

அதனால்தான் நாத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய சூட்டோடு, கழுத்தில் கட்டும் அதன்மேல் ஒரு துப்பட்டாவுமாகக் கல்லாவுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். தம்பியை நம்பி விட்டால் அந்தம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டியே வியாபாரத்தைக் கோட்டை விட்டுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஓட்டல் வண்டி வந்து பழைய கடை வாசலில் நின்றது. மேற்பார்வைக்காரம்மா இறங்கி உள்ளே போனாள்.

நீலம் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை இஸ்திரி போட்டபடி, தெருவுக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

நாத்தனார் பேசிக்கொண்டே உதட்டைத் தடவினாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி தடவினாள். பிறகு கையை உதறினாள், மரத்துப்போன கையை உதறுவதுபோல.

நீலத்தின் இஸ்திரிப் பெட்டி நின்றது.

அந்த உதட்டுத் தடவலை அவளுக்குத் தெரியும். சுரப்பியை எடுத்த பிறகு, பட்டினி கிடந்த எலும்புகள் ரத்தத்திலிருந்த கால்சியத்தையெல்லாம் வாரி விழுங்கியபோது, அவளுக்கும் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. விரல்நுனியில் ஊசி குத்தியது. "இப்படி ஊர்ந்தா உடனே கூப்பிடணும்மா, கை மடங்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. சமயத்துல தொண்டையே அடைச்சுக்கும்" என்று அங்கிருந்த நர்ஸ் மூன்று வேளையும் ஜெபம் மாதிரி சொன்னாள்.

அப்படியானால் நாத்தனார் மாத்திரை சாப்பிடவில்லை.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். இங்கே விதைத்தது யார், அறுப்பது யார் என்று நீலத்துக்கே குழம்பியது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ குளுகுளுவென்று இறங்கியதை அவளால் மறைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரே ஒரு வாக்கியம். கத்தி இல்லை, விஷம் இல்லை. ஒரு வாக்கியம் தெருவைத் தாண்டிப் போய் வேலை செய்துகொண்டிருக்கிறது.

போய்ச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

'இன்னும் கொஞ்சம் போகட்டும்' என்றது மனசு.

இஸ்திரிப் பெட்டியை மறுபடி நகர்த்தினாள்.

எதிர்க்கடையில் நாத்தனார் எதையோ எழுதப் பேனாவை எடுத்தாள். பேனா விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. ஓட்டலம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மாஸ்டர் உள்ளிருந்து வந்து அக்காவின் காதில் ஏதோ சொன்னார். அக்கா அவரை விரட்டினாள்.

சற்று நேரத்தில் ஓட்டலம்மா வெளியே வந்தாள். வண்டியில் ஏறவில்லை. நேரே தெருவைத் தாண்டி நீலத்தின் கடைக்கு வந்தாள்.

"அங்க ஒண்ணும் சரிப்படலம்மா. அந்தம்மாவுக்குக் கை வேற வாய் வேற போகுது. விலை கேட்டா பெருமூச்சு விடறாங்க. எங்களுக்கு வேலை நடக்கணும். இனிமே விரிப்பு எல்லாம் உங்களுக்கே அனுப்பிடறேன். நாளைலேந்து ஆரம்பிக்க முடியுமா?"

எத்தனையோ ராத்திரி படுக்கையில் புரண்டு புரண்டு கற்பனை செய்த நிமிஷம். கற்பனையில் இந்த இடத்தில் நீலம் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது, "முடியும் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் மகள் ஓடி வந்தாள்.

சின்னவளாக விட்டுப் போன மகள். இப்போது அத்தைக்குப் பக்கத்தில் நின்று பழைய கடையின் வரவு செலவைப் பார்ப்பவள். எதிரே கடை போட்ட இத்தனை நாளில் ஒரு தடவைகூட இந்தப் படியில் கால் வைக்காதவள். வைத்தாள்.

"உங்களுக்கு இது தெரியுமா? அத்தைக்குக் கை மடங்கிப்போச்சு. பிரிச்சா பிரிக்க முடியல. அப்பா நடிக்கிறாங்கறாரு. ஓட்டல்காரம்மா முன்னாடி பரிதாபத்துக்குப் பண்றா, அவளுக்கு இது கைவந்த கலைங்கறாரு."

நடிக்கிறா. மாஸ்டர் வாயிலிருந்து அந்த வார்த்தை. அதுவும் அக்காவைப் பார்த்து.

"நடிப்போ என்னவோ" என்றாள் நீலம். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "உங்கத்தைக்கு நடிப்பைப் பத்தி எல்லாம் தெரியும்."

மகள் ஒரு கணம் அவளை வெறித்துப் பார்த்தாள்.

"மாத்திரை டப்பாவைத் தொறக்கவே இல்ல. ஏன்னு கேட்டேன். 'எதிர்க்கடைக்காரி சொன்னா, அதைத் தின்னா அவளை மாதிரி ஆயிடுவேன்'னு அழுதாங்க. நீங்களா சொன்னீங்க?"

ஓட்டலம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நீலம் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். செல்போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

---

பழைய கடையின் பின்கட்டு. நீராவி, சோப்பு, கஞ்சி எல்லாம் கலந்த அதே வாசனை. துவைக்காத ஓட்டல் விரிப்புக் குவியலின்மேல் நாத்தனார் சாய்ந்து கிடந்தாள்.

வளையல் போட்டுக்கொள்ளும்போது விரல்களைக் குவித்து நீட்டுவோமே, அப்படிக் குவிந்து, மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி, மரக்கட்டையாக நின்றது கை. இரண்டு கைகளும் அப்படியே. உதடு இழுத்துக்கொண்டு துடித்தது. வேகவேகமாக மூச்சு வாங்கினாள்.

மாஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்றார். பல வருஷம் கழித்துத் தன் கடைக்குள் நிற்கும் மனைவியைப் பார்த்ததும் டம்ளரை அவளிடம் காட்டினார்.

"பயந்துட்டா. வேற ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி குடுத்தா..."

"தண்ணி குடுக்காதீங்க. தொண்டைக்குள்ள போகாது" என்றாள் நீலம்.

நாத்தனார் கண் திறந்தாள். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். அந்தக் கண்ணில் முதலில் வந்தது வெறுப்பு. பிறகுதான் பயம்.

நீலம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் நம்பர், வந்த வழியிலேயே தேடி எடுத்தது, செல்போனில் தயாராக இருந்தது. பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அழுத்தவில்லை.

"அண்ணி. இது என்னன்னு எனக்குத் தெரியும். இதுக்கு என்ன பண்ணணும்னும் தெரியும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. இப்ப நீங்க நடிக்கிறீங்களா?"

நாத்தனாரின் தலை இல்லை என்று அசைந்தது.

"வாயால சொல்லுங்க."

"இ... இல்ல."

"அன்னிக்கு நான் நடிச்சேனா?"

மூச்சு மட்டும் புசுபுசுவென்று கேட்டது. வாசலில் ஓட்டலம்மா, அவளுக்கு முன்னால் மகள். மாஸ்டர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"கேக்கறேன்ல? எலும்பு உடைஞ்சு நான் தரையில கெடந்தப்ப, என்னைத் தாண்டிப் போய் விளக்கை அணைச்சீங்களே. அன்னிக்கு நடிச்சேனா?"

"இல்ல."

"பைத்தியமா நான்?"

"இல்ல... நீ... இல்ல."

"சத்தமா. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல. என் பொண்ணை என் பக்கத்துல படுக்கவிடாம பண்ணீங்களே, அது எதுக்கு? அதைச் சொல்லுங்க."

நாத்தனார் வாயைத் திறந்தாள். வார்த்தைக்குப் பதிலாக ஒரு சத்தம் வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது, குழாய் அடைத்துக்கொண்டால் வருமே, அப்படி ஒரு கீச்சென்ற சத்தம். மறுபடி இழுத்தாள். மறுபடி அதே சத்தம். கண்கள் பிதுங்கின.

"அம்மா, போதும்!" என்று கத்தினாள் மகள். "போன் பண்ணும்மா!"

மகள் வாயிலிருந்து 'அம்மா' என்ற அந்தச் சொல்லைக் கேட்க நீலம் எத்தனை கோட்டை கட்டியிருந்தாள்! இப்படிக் கேட்க நேரும் என்று எந்தக் கோட்டையிலும் இடம் வைத்திருக்கவில்லை.

பொத்தானை அழுத்தினாள்.

"தைராய்டு ஆபரேஷன் ஆகி இப்பத்தான் வீட்டுக்கு வந்தவங்க. கால்சியம் எறங்கிப்போச்சு. ரெண்டு கையும் மடங்கிடுச்சு. இப்ப மூச்சு இழுக்குது, சத்தம் வருது... மாத்திரை எடுத்துக்கல... கொண்டுட்டு வர்றோம்."

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. "எங்க வண்டியில ஏத்துங்க" என்றாள் ஓட்டலம்மா. அழுக்குத் துணி மூட்டைகளை நடுத்தெருவில் தூக்கிப் போட்டார்கள். மாஸ்டர் அக்காவைத் தூக்க, மகள் தலையைத் தாங்க, நீலம் கால்பக்கம் ஏறினாள்.

வண்டிக்குள் நீலம் நாத்தனாரை நிமிர்த்தி உட்காரவைத்து, "மெதுவா... மெதுவா மூச்சு விடுங்க. வேகமா விட்டா இன்னும் இறுகும். என்னைப் பாருங்க. என்கூட விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாத்தனார், வேறு வழியில்லாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"மாத்திரை விஷயம், வேணும்னேதான் சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். விளையாட்டாகச் சொன்னேன் என்றிருக்கலாம்.

"ஆமா" என்றாள் நீலம்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

---

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆட்கள் நின்றார்கள். டியூட்டி டாக்டர் ஓர் இளைஞர். கழுத்துக் கட்டைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. மார்பில் ஒயர்களை ஒட்டி, நரம்பில் ஊசி போட்டு, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். "வேகமா ஏத்தினா இதயம் தாங்காது" என்று மட்டும் சொன்னார்.

முதலில் அந்தக் கீச்சுச் சத்தம் நின்றது. பிறகு உதடு அடங்கியது. கடைசியாக விரல்கள். ஒவ்வொன்றாக, மனசில்லாமல் விடுகிற மாதிரி விரிந்தன. நாத்தனார் தன் உள்ளங்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை.

டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, தைராய்டுக்குப் பின்னால நாலு சின்னச் சுரப்பி ஒட்டிட்டு இருக்கு. கால்சியத்துக்குக் காவல்காரங்க அவங்கதான். தைராய்டை எடுக்கறப்ப பட்ட அதிர்ச்சியில அவங்க சுருண்டு படுத்துடுவாங்க. பெரும்பாலும் எழுந்துடுவாங்க. எழுந்திருக்கற வரைக்கும் அந்த வேலையை மாத்திரைதான் செய்யணும். அதுக்குத்தான் எழுதிக் குடுத்தது. ஏன் எடுத்துக்கல?"

நீலம் சுவரோரமாக நின்றாள். சொல்லிவிடலாம் என்று அடி எடுத்து வைத்தாள்.

நாத்தனார் அவளைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"மறந்துட்டேன் டாக்டர்."

டாக்டர் தலையை ஆட்டி, "இனிமே மறந்தா உசுரு போயிடும்" என்று கண்டித்து, இன்னும் இரண்டு நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. இருவர் மட்டும்.

"காட்டிக் குடுக்காம விட்டேன்னு நினைக்காதே" என்றாள் நாத்தனார். தொண்டை கட்டியிருந்தது, ஆனால் பழைய எஜமானி அந்தக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பத்திரமா வெச்சிருக்கேன். வேணுங்கறப்ப எடுப்பேன்."

நீலத்துக்குச் சிரிப்பு வந்தது. உண்மையான சிரிப்பு.

"எடுங்க. நான் எதையும் ஒளிக்கல. என் பொண்ணுகிட்ட நானே சொல்லிட்டேன். ஆனா நீங்க இன்னிக்குச் சொன்னதை நாலு பேர் கேட்டுட்டாங்க. அதைத் திருப்பி வாய்க்குள்ள போட்டுக்க முடியாது அண்ணி."

"மூச்சுத் திணறினப்ப சொன்னது கணக்குல வராது."

"எனக்கு வரும்."

நாத்தனார் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கையில் செருகியிருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் செத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பியா?"

நீலம் யோசித்தாள். "காலைல பட்டிருப்பேன். கதையை முடிச்சுட்டோம்னு. அப்புறம் நியாயத்தை யார்கிட்ட கேக்கறது? நீங்க இருக்கணும் அண்ணி. நல்லா இருக்கணும். தெனமும் அந்தக் கல்லாவுல உக்காந்து என் கடையைப் பாக்கணும். ஓட்டல் வண்டி என் வாசல்ல நிக்கறதைப் பாக்கணும். மாத்திரையை ஒழுங்கா முழுங்குங்க."

"பழி வாங்கற லட்சணமா இது?" நாத்தனார் உதட்டைச் சுழித்தாள். "பாவி, அதையும் பாதிதான் பண்ற. ஆளையே மாத்திப் பிடிச்சுட்டு நிக்கற."

"என்ன சொல்றீங்க?"

"எதிர்ல கடை போட்ட, என் வியாபாரத்தை ஒடைச்ச, மாத்திரையைக் காட்டி என்னைச் சாகடிக்கப் பாத்த. எல்லாம் எதுக்கு? நான் உன்னை நடிக்கிறான்னு சொன்னதுக்கு. சொன்னேன். இல்லைங்கல. எனக்கு உன்னைப் பிடிக்காது, வாய்க்கு வந்தபடி சொன்னேன். என்ன வியாதின்னு எனக்கென்ன தெரியும், நான் டாக்டரா?" அவள் தலையைத் திருப்பி நீலத்தை நேராகப் பார்த்தாள். "முதல் தடவை உனக்குக் கல் வந்துச்சே, நீ வலியில சுருண்டு கெடந்த. அன்னிக்கு அந்த டாக்டர், இந்த வயசுல இப்படிக் கல் வரக் கூடாது, ரத்தத்துல கால்சியம் பாத்தே ஆகணும், விட்டா எலும்பு மூளை எல்லாத்தையும் தின்னுடும்னு சொன்னாராம். யார்கிட்ட சொன்னார்? நான் அன்னிக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வரல. எனக்கே அது உன்னை அனுப்பின பிறகுதான் தெரியும்."

நீலம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது ஒரே ஒரு ஆள். பாதி மயக்கத்தில் அவர் தோளில் சாய்ந்துதான் வீட்டுக்கு வந்தாள். 'டாக்டர் என்ன சொன்னாரு?' என்று கேட்டதும், 'நெறைய தண்ணி குடிக்கச் சொன்னாரு' என்று அவர் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அந்த மறதிக் காலத்திலும் அது மட்டும் மறக்கவில்லை. அதை அன்பான வார்த்தை என்று இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தாள்.

"பொய்" என்றாள்.

"நான் இப்பத்தான் செத்துப் பொழைச்சிருக்கேன். பொய் சொல்ல இன்னும் தெம்பு வரல."

நீலம் வெளியே வந்தாள்.

வராந்தாவில் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் இரண்டு நாற்காலி தள்ளி, கையில் குடிக்காத தேநீரோடு இருந்தாள். மனைவியைக் கண்டதும் மாஸ்டர் எழுந்தார். அதே சாது முகம். அதே கூச்சமான சிரிப்பு.

"அக்காவுக்குப் பரவால்லையா?"

"கை விரிஞ்சுடுச்சு. பேசறாங்க."

"நீ மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பித்தார்.

"என்னங்க" என்று இடைமறித்தாள் நீலம். சத்தம் உயரவில்லை. மகள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரத்தத்துல கால்சியம் பாக்கணும்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னாரா?"

எந்த டாக்டர், எப்போது என்று கேட்டிருக்கலாம். இத்தனை வருஷத்துக்கு முந்தைய சங்கதி. யாராயிருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மாஸ்டர் கேட்கவில்லை. சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அக்கா சொல்லிட்டாளா?" என்றார்.